நோயுற்ற பறவையைத்தான் வல்லூறு பிடிக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை இறங்கி ஏரிகளும் உப்பளங்களும் நிறைந்ததும் வலசைப் பறவைகளின் படங்கள் நாளிதழ்களில் வரத் தொடங்குகின்றன. மார்கழி, தை மாதங்களில் கூடவே இன்னொரு படமும் வரும். உள்ளானையோ வாத்தையோ காலில் பற்றிக்கொண்டு பறக்கும் பொரி வல்லூறின் படம் அது. அதன் கீழே ஆண்டுதோறும் இரண்டு விளக்கங்களில் ஒன்று எழுதப்படுகிறது. கூட்டத்தில் நோயுற்றதையும் கிழடானதையும் பார்த்துப் பிடிக்கிறது என்பது ஒன்று. எந்தப் பறவை பெருகிவிட்டதோ அதைப் பிடித்துச் சமநிலை காக்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே முக்கியமான காரணத்தை விட்டுவிடுகின்றன. வேட்டைப்பறவை எதைப் பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அந்த நேரத்தில் இரை எங்கே நின்றது, யாரோடு நின்றது, எவ்வளவு பசியோடு நின்றது என்பவைதான். இது தெரிந்தால் கரையோரப் புதரும், வரப்பில் நடக்கும் மனிதரும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு எளிய உண்மை. வேட்டைப்பறவைகளின் முயற்சிகளில் பெரும்பாலானவை தோல்வியில் முடிகின்றன. சுவீடனின் தென்முனையில் உள்ள ஃபால்ஸ்டெர்போவில் ருடெபெக் என்ற ஆய்வாளர் பொரி வல்லூறு, குருவி வைரி, மெர்லின் என்னும் சிறு வல்லூறு, வெண்வால் கடற்கழுகு ஆகியவற்றின் வேட்டைகளைக் கவனித்து 1950, 1951 ஆண்டுகளில் வெளியிட்டார். அவர் பார்த்த 688 வேட்டைகளில் இரை கிடைத்தது 52-இல் மட்டுமே, அதாவது 100 முயற்சிக்கு எட்டுக்கும் குறைவு. பிடிபட்டவற்றில் கண்ணுக்குத் தெரியும் குறை, அதாவது காயமோ நோயோ சிறகுச் சேதமோ இருந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கூட்டத்தில் அத்தகைய பறவைகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் இது பெரிய விகிதம்தான். நோயுற்றதைப் பிடிக்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் மீதி ஐந்தில் நான்கு பங்கு? அவற்றில் குறை எதுவும் தென்படவில்லை. அவை ஏன் மாட்டின என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உடல் அளவு முதல் வடிகட்டி. குருவி வைரியில் ஆண் 150 கிராம் அளவே இருக்கும். பெண் 250 முதல் 300 கிராம் வரை. நம் தோட்டங்களில் திரியும் வைரிக்கு இது நெருங்கிய உறவு. ஆண் வைரி சிட்டுக்குருவி, பட்டாணிக்குருவி அளவிலான இரையைத் தேடும். பெண் வைரி ஸ்டார்லிங் (மைனா குடும்பத்துப் பறவை), புறா வரைக்கும் போகும். ஒரே இனம், ஒரே தோப்பு, ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு இரைப்பட்டியல். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து டெர்ரெ ஹோட் நகரில் கூப்பர் வைரிகளுக்கு வானொலிக் கருவி பொருத்தி ராத், லிமா இருவரும் குளிர்காலங்களில் பின்தொடர்ந்தனர். 2003-இல் வெளியான அந்த ஆய்வில் வைரிகள் ஸ்டார்லிங்கையும் புறாக்களையும் தேடிப் போயின. தெருவெங்கும் நிறைந்திருந்த சிட்டுக்குருவிகளை ஏறக்குறையக் கண்டுகொள்ளவே இல்லை. பெருகிய பறவையைத்தான் பிடிக்கும் என்பது சரியாக இருந்திருந்தால் சிட்டுக்குருவிதான் முதலில் குறைந்திருக்க வேண்டும். 300 முதல் 500 கிராம் எடையுள்ள வேட்டைப்பறவைக்கு 25 கிராம் குருவியைத் துரத்துவது செலவுக்கு ஈடாகாத வேலை.

அளவு பொருந்திய பிறகு இடம் வருகிறது. இந்தப் பொருளில் உலகிலேயே மிக நுணுக்கமாகப் பார்க்கப்பட்ட இடங்களில் ஒன்று ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள டைனிங்ஹேம் கழிமுகம். வில் கிரெஸ்வெல்லும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களின் இறுதியிலிருந்து அங்கே குளிர்கால வேட்டைகளைப் பதிவு செய்தார்கள். அவர்கள் கவனித்த இரைகளில் முதன்மையானது, நம் கோடியக்கரைக்கும் தூத்துக்குடி உப்பளங்களுக்கும் ஆண்டுதோறும் வரும் அதே பவளக்காலி. சிவந்த கால், பறக்கும்போது சிறகின் பின்னோரம் வெள்ளை, எதைக் கண்டாலும் முதலில் கூவி எச்சரிக்கும் பறவை.

அங்கே பவளக்காலி மேய இரண்டு இடங்கள். ஒன்று நீரோரத்து மட்டிப் படுகை. நாலாபுறமும் திறந்த வெளி, எதிரி வருவது தொலைவிலேயே தெரியும். இன்னொன்று காட்டின் ஓரத்தை ஒட்டிய உவர்ச்சதுப்பு. அங்கே மண்ணில் துள்ளும் சிறு ஓட்டுயிர்கள் ஏராளம், குறைந்த நேரத்தில் வயிறு நிறையும். ஆனால் மரங்களின் மறைவிலிருந்து குருவி வைரி கிளம்பினால் சில நொடிகளில் தலைமேல் இருக்கும். முதிர்ந்த பறவைகள் பெரும்பாலும் மட்டிப் படுகையில் மேய்ந்தன, அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள் உவர்ச்சதுப்பில் அதிகம் நின்றன. வைரிகள் எங்கே போயின? எண்ணிக்கை மிகுந்த மட்டிப் படுகையை விட்டுவிட்டு, பறவைகள் குறைவாக நின்ற உவர்ச்சதுப்பைத்தான் நாடின. அங்கே பிடிபட்டவற்றில் இளம் பறவைகளே மிகுதி. எண்ணிக்கையைவிட எளிதில் எட்டும் நிலைதான் வைரியை இழுக்கிறது என்று க்வின், கிரெஸ்வெல் இருவரும் 2004-இல் எழுதினர். மறைவிடத்திலிருந்து சில பத்து மீட்டர் தள்ளி நின்றாலே ஆபத்து வேகமாகக் குறைகிறது என்பதும் அதே கழிமுகத்தில் தெரிந்தது.

இளம் பறவை மந்தமானதா, நோயுற்றதா? இல்லை. அதற்குப் பசி. குளிர் ஏறும் நாட்களில் உடலைச் சூடாக வைக்கக் கூடுதல் தீனி வேண்டும். அனுபவம் குறைந்த பறவை அதே நேரத்தில் குறைவாகவே இரை எடுக்கும். அதனால் தீனி மிகுந்த, ஆபத்தும் மிகுந்த இடத்துக்கு அது வருகிறது. கடுங்குளிர் நாட்களில் முதிர்ந்த பறவைகளும் அந்தப் பக்கம் நகர்ந்தன என்பதே இதற்குச் சான்று. பட்டினிச் சாவுக்கும் நகங்களுக்கும் நடுவில் பறவை ஒவ்வொரு மணி நேரமும் ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறது. வேட்டைப்பறவைக்குக் கிடைப்பது அந்த முடிவின் விளைவு.

கூட்டத்துக்குள் யார் என்பது அடுத்த கேள்வி. இங்கே மிகத் தெளிவான சான்று கென்வர்ட் 1978-இல் வெளியிட்டது. பழக்கிய கோஷாக், அதாவது பெரிய வைரி ஒன்றை மரப்புறாக்கள் மீது விட்டுப் பார்த்தார். தனியாக நின்ற புறாவைத் தாக்கியபோது ஏறத்தாழ 80 விழுக்காடு வெற்றி. 50-க்கும் மேற்பட்ட கூட்டத்தைத் தாக்கியபோது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. கூட்டம் பெரிதாக இருக்கும்போது ஏதோ ஒரு கண் வைரியை முன்னதாகவே பார்த்துவிடுகிறது என்பதே முதன்மைக் காரணம். ஒரு பறவை எழுந்தால் எல்லாம் எழும்.

கூட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, எங்கே நிற்கிறது என்பதும் உண்டு. டைனிங்ஹேமில் குருவி வைரிகள் எந்தப் பவளக்காலியை நோக்கிப் பாய்ந்தன என்பதை ஒவ்வொரு தாக்குதலிலும் பார்த்தபோது, அண்டைப் பறவையிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு நின்றவையே குறிவைக்கப்பட்டன. 2006-இல் வெளியானது இது. நெருங்கி நின்றால் தீனிக்குப் போட்டி, விலகி நின்றால் நகம். மேயும் கூட்டத்தைப் பார்க்கும்போது இந்த இழுபறியை நேராகவே காணலாம். அமைதியான வேளையில் பறவைகள் பரந்து மேயும், மேலே நிழல் ஒன்று கடந்ததும் இடைவெளி சட்டென்று சுருங்கும்.

தாக்கும் பறவைக்கு ஏற்பத் தற்காப்பும் மாறுகிறது. இதைப் படக்குறிப்பு எழுதுவோர் யாரும் சொல்வதில்லை என்பது எங்கள் குறை. குருவி வைரி தரையில் இருக்கும் இரையைப் பிடிக்க வல்லது, எனவே அது வந்தால் பவளக்காலி உடனே பறக்கிறது. பொரி வல்லூறு பறக்கும் இரையை மேலிருந்து அடிக்கும் பறவை, எனவே அது வந்தால் அதே பவளக்காலி தரையோடு பதுங்குகிறது. வாத்துகளும் பொரி வல்லூறைக் கண்டால் நீரை விட்டு எழத் தயங்கும், எழுந்தால்தான் ஆபத்து. ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு எழுந்த பறவை, எழாமல் தாமதித்த பறவை, இவைதான் அடிபடுகின்றன. ஆகவே ஒரு வேட்டையைப் பார்த்து இரை ஏன் பறக்கவில்லை, மந்தமாக இருக்கிறதே என்று எழுதுமுன் வந்தது எந்த வேட்டைப்பறவை என்று பார்க்க வேண்டும். பதுங்கியது நோயின் அடையாளமல்ல.

இரை தன் வலிமையைக் காட்டி வேட்டையாளியைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. மெர்லின் துரத்தும்போது சில வானம்பாடிகள் பறந்துகொண்டே பாடும். மூச்சு வாங்கும் வேளையில் பாடுவது எல்லாப் பறவைக்கும் முடியாது. பாடும் வானம்பாடியை மெர்லின் விரைவில் கைவிட்டது. பாடாதவற்றை நெடுநேரம் துரத்தியது, அவையே அதிகம் பிடிபட்டன. டைனிங்ஹேமில் கிரெஸ்வெல் 1994-இல் காட்டியது இது. உடல்நிலை கணக்கில் வரும் இடம் இதுதான். துரத்தல் தொடங்கிய பிறகு வலுவற்றது மாட்டுகிறது. ஆனால் துரத்தல் தொடங்குவதற்கே இடமும் தருணமும் வாய்க்க வேண்டும்.

வேறுபட்டு நிற்கும் பறவைதான் கண்ணில் படும், அதுதான் பிடிபடும் என்றும் சொல்வார்கள். மாடப்புறாக்களில் அது தலைகீழாகவும் நடக்கும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஏழு ஆண்டுகள் பொரி வல்லூறுகளின் 1,485 தாக்குதல்களைப் பார்த்தார்கள். நீலச்சாம்பல் உடலும் வெள்ளை இடுப்பும் கொண்ட புறாக்கள் கூட்டத்தில் 20 விழுக்காடு இருந்தன, பிடிபட்டவற்றில் அவை 2 விழுக்காடு மட்டுமே. இடுப்பு இறகுகளை வெட்டி ஒட்டி நிறத்தை மாற்றியபோது நிலைமையும் மாறியது, வெள்ளை இடுப்பு பெற்றவை தப்பின, இழந்தவை அதிகம் பிடிபட்டன. மின்னலாய் இறங்கும் வல்லூறின் பார்வை வெள்ளையில் நிற்க, புறா சிறகை உருட்டித் திரும்புவது ஒரு கணம் தாமதமாகவே அதற்குத் தெரிகிறது என்பது 2005-இல் இதை வெளியிட்டவர்களின் விளக்கம். எந்தப் பறவை எளிதில் மாட்டும் என்பதை நம் கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

கொழுப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த வைதம் காட்டில் பட்டாணிக்குருவிகளின் எடை பல பத்தாண்டுகளாகக் குறிக்கப்பட்டு வந்தது. பூச்சிக்கொல்லி நஞ்சால் 1950-களின் இறுதியில் குருவி வைரி அங்கே அற்றுப்போனது. அது இல்லாத ஆண்டுகளில் குருவிகள் குளிர்காலத்தில் கூடுதல் எடை போட்டன. 1970-களில் வைரி திரும்பியதும் எடை மீண்டும் குறைந்தது. கொழுப்பு குளிர்காலச் சேமிப்பு, அதே கொழுப்பு மேலெழும் வேகத்துக்குத் தடை. கருந்தொப்பிக் கதிர்க்குருவிகளைப் பரிசோதித்தபோது, உடல் எடையில் 60 விழுக்காடு அளவுக்குக் கொழுப்பு சுமந்தவை மேலெழும் கோணம் 32 விழுக்காடும் வேகம் 17 விழுக்காடும் குறைந்தது. ஆக நன்றாகத் தின்று கொழுத்த, முழு ஆரோக்கியமான பறவையும் எளிய இரையாகலாம். நம் கரையில் இது பங்குனி, சித்திரையில் பொருந்தும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே திரும்பப் புறப்படுமுன் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் எடை ஏற்றும் காலம் அது. வல்லூறுகளும் அப்போது இங்கேயே இருக்கின்றன.

ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகளை அப்படியே நம் ஈரநிலங்களுக்குப் பொருத்துவது சரியாகாது. கனடாவில் வான்கூவரை அடுத்த பவுண்டரி விரிகுடாவில் டன்லின் உள்ளான்களைப் பொரி வல்லூறு பிடிப்பது உச்ச ஓதத்தை, அதாவது கடல்நீர் மிக உயர ஏறி நிற்பதை, ஒட்டிய வேளையில்தான் மிகுதி. நீர் ஏறி சேற்றுப்படுகை மறைய, பறவைகள் கரையோரச் செடிகளை நெருங்குகின்றன, மறைவில் வரும் வல்லூறுக்கு வாய்ப்பு. இந்த ஆபத்தைத் தவிர்க்க அங்குள்ள டன்லின்கள் ஓத நேரம் முழுதும் கடல்மேல் பறந்தபடியே இருப்பதும் உண்டு. பாக் நீரிணைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. ஆகவே இங்கே பறவைகளைக் கரைக்குத் தள்ளுவது மழைநீரும் காற்றும் உப்பளத்துக்கு நீர் பாய்ச்சும் வேலையும். வேதாரண்யம் பெருஞ்சதுப்பில் வடகிழக்குப் பருவமழை நின்று சில வாரங்களில் நீர் வடியும்போது பறவைகள் பரந்து மேய்கின்றன. நீர் ஏறி நிற்கும்போது வரப்புகளிலும் திட்டுகளிலும் நெருக்கி நிற்கின்றன. குளிர் இங்கே உயிரைக் குடிக்கும் அளவு இல்லை, எனவே பசியின் அழுத்தம் ஸ்காட்லாந்தைவிடக் குறைவு. ஆனால் எழுப்பிவிடும் தொல்லை இங்கே மிக அதிகம்.

எழுப்பிவிடுதல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஐரோப்பாவில் பூனைப்பருந்து புல்வெளிமேல் தாழப் பறந்து செல்லும்போது அதன் பின்னாலேயே மெர்லின் வருவது பதிவாகியிருக்கிறது. பூனைப்பருந்து எழுப்பும் குருவிகளை மெர்லின் அடிக்கிறது. நம் ஏரிகளில் சேற்றுப் பூனைப்பருந்து வந்ததும் நாமக்கோழிகள் நெருங்கிக்கொள்வதையும் வாத்துகள் எழுவதையும் பார்க்கலாம். வரப்பில் கேமராவோடு நெருங்கும் மனிதரும், தாழப் பறக்கும் டிரோனும், துரத்தும் நாயும் செய்வது அதே பூனைப்பருந்தின் வேலை. வரப்பில் ஒடுங்கி ஓய்வெடுக்கும் 500 உள்ளான்கள் ஒன்றாக எழும்போது முதல் சில நொடிகளில் கூட்டம் இறுக்கமாக இருக்காது. ஓரத்தில் சில பிரிந்து பறக்கும். கோபுரத்திலோ மின்கம்பத்திலோ அமர்ந்திருக்கும் பொரி வல்லூறுக்கு அதுதான் தருணம். எழுந்த பறவை செலவழித்த கொழுப்பை ஈடுகட்ட மீண்டும் மேய வேண்டும், அடுத்த முறை இன்னும் ஆபத்தான இடத்தில்.

இனி புதர். குருவி வைரியைப் போல மரத்தில் ஒளிந்து பாய்வது பொரி வல்லூறின் வழக்கமல்ல. ஆனால் அதுவும் தாழப் பறந்து, கரையின் மறைவிலும் மரவரிசையின் மறைவிலும் வந்து, கடைசி நொடியில் வெளிப்படுவதை விரும்புகிறது. உயரத்திலிருந்து நேராகப் பாய்வது படங்களில் அழகு, வெற்றிக்கு வேண்டியது எதிர்பாராமை. பறவைகள் ஓய்வெடுக்கும் வரப்பை ஒட்டி சீமைக்கருவேலம் அடர்ந்து நின்றால் எல்லா வேட்டையாளிகளுக்கும், இரவில் நரிக்கும், அது திரை. பறவைகள் அத்தகைய வரப்பை மெல்லக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பறவை குறைந்தால் வல்லூறு தின்று தீர்த்தது என்று சொல்லிவிடுகிறார்கள். தின்றதைவிட அஞ்சி விலகியதே அதிகம்.

ஆனால் சீமைக்கருவேலத்தை எல்லா இடத்திலும் வேரோடு பிடுங்கு என்று நாங்கள் சொல்லவில்லை. பல ஏரிகளில் கொக்குகளும் நாரைகளும் அதன்மேல் கூடு கட்டுகின்றன. உப்பளத்தில் ஓய்விட வரப்புகள் எவை என்று முதலில் குறித்துக்கொண்டு, அந்த வரப்புகளின் இரு புறமும் சுமார் 50 மீட்டர் அகலத்துக்கு மட்டும் வெட்டிச் சுத்தம் செய்தால் போதும். வெட்டிவிட்டு அப்படியே விட்டால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்ந்துவிடும், வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். வேலையைப் பறவைகள் இல்லாத ஆனி, ஆடியில் முடிக்க வேண்டும். கார்த்திகையில் இயந்திரத்தை இறக்கினால் செய்யும் நன்மையைவிடத் தொல்லை அதிகம்.

எந்தப் பறவை எதற்கு இரையாகிறது என்பதை நம் ஊரில் யாரும் ஒழுங்காகக் குறித்து வைக்கலாம், பெரிய கருவி வேண்டாம். ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் தன்னார்வலர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வேட்டை நடந்தால் நேரம், வேட்டைப்பறவை, கூட்டத்தின் தோராய எண்ணிக்கை, கூட்டத்திலிருந்து மிக அருகில் உள்ள புதருக்கோ உயர்ந்த கரைக்கோ எத்தனை மீட்டர், வேட்டைப்பறவை தாழ வந்ததா உயரத்திலிருந்து வந்ததா, இரை எழுந்ததா பதுங்கியதா, அதற்குமுன் மனிதரோ நாயோ எழுப்பினார்களா, முடிவு என்ன. தோற்ற வேட்டையைக் கட்டாயம் எழுத வேண்டும். வென்றதை மட்டும் எழுதும் பழக்கத்தால்தான் வல்லூறு விரும்பியதைப் பிடித்துவிடும் என்ற எண்ணமே பரவுகிறது.

கிடைக்கும் எச்சங்களையும் படிக்கலாம். வேட்டைப்பறவை இறகை முழுசாகப் பிடுங்கும். இறகின் காம்பு முனை கெடாமல் இருக்கும், சில இறகுகளில் அலகு பற்றிய தடம் தெரியும். பூனை, கீரி, நரி ஆகியவை கடித்துத் துண்டிக்கும். காம்பு நடுவில் வெட்டுப்பட்டு, எச்சிலால் இறகுகள் கொத்தாக ஒட்டியிருக்கும். பொரி வல்லூறு தின்ற பின் இரண்டு சிறகுகளும் தோள் எலும்போடு இணைந்தபடியே கிடக்கும், நெஞ்செலும்பின் விளிம்பில் முக்கோண வடிவில் அலகுக் கடி இருக்கும். வைரி புதரடியில் பிடுங்கும், இறகுகள் ஒரே இடத்தில் வட்டமாகச் சிதறிக் கிடக்கும். இறந்து கிடந்த பறவையைப் பின்னர் நரி தின்றிருக்கலாம் என்பதால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பவளக்காலியின் சிறகு கிடைத்தால் மேல்மூடு இறகுகளின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் புள்ளியும் விளிம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அவ்வாண்டு பிறந்த பறவை. வயதைக் குறித்தால்தான் இளையது அதிகம் மாட்டுகிறதா என்ற கேள்விக்கு நம் கரையிலிருந்தே பதில் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெள்ளைக் கொக்கின் இறகு 100 மீட்டரிலும் தெரியும், கொசு உள்ளானின் பழுப்பு இறகு காலடியிலும் தெரியாது. வரப்பில் நடந்து கண்ணில் பட்டதை மட்டும் எண்ணினால் வல்லூறுகள் கொக்கையே தின்று வாழ்கின்றன என்று தோன்றும். சிறு இரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோபுரத்திலோ கைபேசிக் கோபுரத்திலோ அமர்ந்து தின்றுவிட்டால் நிலத்தில் எதுவும் கிடைக்காது. எனவே ஒரே வரப்பை, ஒரே நேரத்தில், வாரம் ஒரு முறை, இரு புறமும் சம அகலத்தில் பார்த்துக் குறிப்பதே ஒப்பிடத் தகுந்தது. வல்லூறு அமரும் கோபுரத்தின் அடியையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரையைப் பறிகொடுப்பதும் தேர்வை மாற்றும். பவுண்டரி விரிகுடாவில் வெண்தலைக் கழுகுகள் பொரி வல்லூறிடமிருந்து உள்ளானைப் பறிக்கின்றன. நம் கரையில் கரும்பருந்தும் செம்பருந்தும் காகமும் இரை தூக்கிய பறவையைச் சூழ்ந்து துரத்துவது அன்றாடக் காட்சி. பறிகொடுத்த வல்லூறு மீண்டும் வேட்டையாடும். ஆகவே மீன் கழிவும் குப்பையும் கொட்டி பருந்துகளையும் காகங்களையும் சதுப்பின் ஓரத்தில் குவித்தால் அதன் சுமை கடைசியில் உள்ளான்களின் தலையில் விழக் கூடும். பள்ளிக்கரணையை ஒட்டிய குப்பைமேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பொரி வல்லூறு 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. உள்ளானைக் காப்பாற்றுகிறோம் என்று கல்லெறிந்து அதை விரட்டுவது குற்றம், பயனும் இல்லை. விரட்டப்பட்ட வல்லூறு இரையை நழுவவிட்டால் இன்னொன்றை அடிக்கும். உதவி செய்ய விரும்புவோர் தள்ளி நின்றாலே போதும். கோடியக்கரை 2002-லும் பள்ளிக்கரணை 2022-லும் ராம்சர் என்னும் பன்னாட்டு முக்கியத்துவ ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே ஓய்விட வரப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பார்வையாளர் நடமாட்டத்தையும் டிரோனையும் தடுக்க, கயிறும் பலகையும் கட்டினால் போதும். பார்வைக்கு மறைப்புத் தட்டி ஒன்றை வரப்பின் கோடியில் அமைத்தால் படமெடுப்போரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தங்கள் நாளிதழிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. இந்தத் தை மாதம் வல்லூறு வேட்டைப் படம் வெளியிடும்போது, எடுத்தவரிடம் கேட்டு மூன்று செய்திகளைச் சேர்த்து அச்சிடுங்கள்: இரை கூட்டத்தில் நின்றதா தனியாகவா, அருகில் இருந்த புதரோ கரையோ எத்தனை மீட்டர், படமெடுக்கும்போது பறவைகளை யாராவது எழுப்பினார்களா. எழுப்பி எடுத்த படம் என்றால் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்கும் வாசகர்கள் சிலர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.